சுகர் மீட்டரில் 212, லேபில் 41: அவசரத்தில் எதை நம்புவது?

சந்தூர்_சிஸ்டர் | ஜூன் 14, இரவு 11:20

போன வாரம் நைட் டியூட்டியில் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு அம்மாவை, ஷிஃப்ட் நடுவில் விழுந்துவிட்டார் என்று கூட வேலை செய்பவர்கள் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலை முழுக்க வியர்வை. கூப்பிட்டால் "ம்" என்று முனகல், அவ்வளவுதான். வலது கை கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருந்தது. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர், மதியம் சரியாகச் சாப்பிடவில்லை என்று கூட வந்த பெண் சொன்னார்.

கேட்டதும் லோ சுகர் என்றுதான் நினைத்தேன். சிபிஜி (விரலைக் குத்தி மீட்டரில் சுகர் பார்ப்பது) போட்டேன். 212.

டியூட்டி டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "லோ இல்லை சிஸ்டர், ஸ்ட்ரோக்காக இருக்கும், மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவிடலாம்" என்றார். 108க்குச் சொல்லிவிட்டு, வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசி) போடும்போதே லேபுக்கும் ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் லேப்பில் இருந்து ஓடியே வந்தார்கள். 41.

டி25, அதாவது 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசல், நூறு மில்லி போட்டோம். பாட்டில் முடிவதற்குள் கண்ணைத் திறந்து, "என் டிபன் தூக்கு எங்கே?" என்று கேட்டார். கையும் சரியாகிவிட்டது.

அதே மீட்டரில் என் விரலைக் குத்திப் பார்த்தேன், 98. ஸ்ட்ரிப் காலாவதி ஆகவில்லை. அப்புறம் அந்த 212 எங்கிருந்து வந்தது? அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

தொப்பூர்_கணவாய் | ஜூன் 14, இரவு 11:52

வணக்கம் சிஸ்டர். நான் ஆம்புலன்ஸில் இருக்கிறேன். ஸ்ட்ரிப் பாட்டிலை எங்கே வைத்திருந்தீர்கள்? பெரும்பாலான ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிதான் மேல் வரம்பு. மே மாதம் வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூடியைத் திறந்து வைத்தாலும் போச்சு, உள்ளே ஈரம் இழுக்கும் மருந்து இருக்கிறதே, அது வீணாகிவிடும். சிலர் எடுக்க வசதி என்று ஸ்ட்ரிப்பை எல்லாம் ட்ரேயில் கொட்டி வைக்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

பாலக்கோடு_பாலு | ஜூன் 15, காலை 6:10

மீட்டரைத் தூக்கி எறியுங்கள். மயங்கி வருகிற சுகர் பேஷன்ட் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு டி25 போட்டுவிட வேண்டியதுதான். லோவாக இருந்தால் எழுந்துவிடுவான். ஹையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், பிறகு இறக்கிக்கொள்ளலாம். பத்து வருஷம் நர்சிங் ஹோமில் இருந்தவன் சொல்கிறேன்.

அல்லது லேப்தான் தப்போ? ரத்தம் ட்யூபில் நின்றால் சுகர் இறங்கும் என்பார்களே.

லேப்_தாத்தா | ஜூன் 15, காலை 9:35

பாலு தம்பி, ட்யூபில் இறங்கும் என்பது உண்மைதான். ரத்த அணுக்கள் சுகரைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதற்காகத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி ட்யூப். அதுவும் போட்ட உடனே முழுசாக வேலை செய்யாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் சிஸ்டர் சொன்னது இருபது நிமிடம். கணக்குப் போட்டால் 2 சதவீதம்தான் இறங்கியிருக்கும். 212 எப்படி 41 ஆகும்?

மீட்டருக்கு அனுமதித்த பிழையிலும் இது அடங்காது. ஐஎஸ்ஓ 15197 என்ற தரக்கட்டுப்பாட்டின் 2013 பதிப்புப்படி, 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் கூடக் குறைய, 100க்கு மேலே 15 சதவீதம் கூடக் குறைய, நூறு முறை பார்த்தால் 95 முறையாவது இதற்குள் நிற்க வேண்டும். 41 இருக்கிற ஆளுக்கு 56 காட்டினால் மீட்டரை மன்னிக்கலாம். 212 வேறு கதை.

சிஸ்டர், ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா கையைக் கழுவினீர்களா?

சந்தூர்_சிஸ்டர் | ஜூன் 15, காலை 10:04

இல்லை சார். ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்தேன். காய்ந்த பிறகுதான் குத்தினேன்.

...நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது. நகக்கண்ணில் மஞ்சளாக இருந்தது. மருதாணியோ மஞ்சளோ என்று நினைத்து விட்டுவிட்டேன்.

லேப்_தாத்தா | ஜூன் 15, காலை 10:41

அது மஞ்சள் இல்லை அம்மா, மாம்பழம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இப்போதைய ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் அரை மைக்ரோலிட்டர் அளவுதான், குண்டூசித் தலை கூட வராது. சுகர் 200 இருக்கிற ரத்தத்தில் அந்த அரை மைக்ரோலிட்டருக்குள் இருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு? ஒரு மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. சரி, மாம்பழத்துக்கு வருவோம். அதன் இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதை மீட்டர் கண்டுகொள்ளாது. ஆனாலும் 100 கிராம் சதையில் சுமார் 2 கிராம் குளுக்கோஸ் தனியாகவே இருக்கிறது. அப்படியென்றால் மேலே சொன்ன ஒரு மைக்ரோகிராமைத் தர, மைக்ரோலிட்டரில் இருபதில் ஒரு பங்கு சாறு போதும். கண்ணுக்கே தெரியாது. 40 இருக்கிற ரத்தம் அதோடு கலந்தால் 200ஐத் தாண்டிவிடும்.

இது என் கற்பனையும் இல்லை. ஜப்பானில் சிலரை ஆரஞ்சு, திராட்சை, கிவி உரிக்கச் சொல்லி, அதே விரலில் சுகர் பார்த்து 2011ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும் எண் ஏறித்தான் நின்றது. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான அளவு வந்தது. சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி ஸ்பிரிட்டில் கரையாது. பஞ்சால் துடைப்பது அதை விரல் முழுக்கப் பரப்பிவிடும், அவ்வளவுதான்.

நம் மாவட்டத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பெங்களூரா பழம் கூழாகும் காலம். உங்கள் கேஷுவாலிட்டிக்கு வருகிற பாதிப் பேர் விரலில் சாறு இருக்கும்.

பாலக்கோடு_பாலு | ஜூன் 15, காலை 11:15

தாத்தா சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபிட்ஸ் மாதிரி துடிக்கிறவனைக் குழாயடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறீர்களா? என் வழியில் டி25 போட்டிருந்தால் அந்த அம்மா இருபது நிமிடம் முன்பே எழுந்திருப்பார்.

அரூர்_டாக்டர் | ஜூன் 15, மதியம் 2:30

பாலு, இந்த ஒரு கேஸில் உங்கள் வழி ஜெயித்திருக்கும். அதை மறுக்கவில்லை. ஒரு காலத்தில் மயக்கத்தோடு வருகிற எல்லாருக்கும் குளுக்கோஸ், தயமின் (பி1 விட்டமின்), நலாக்ஸோன் (அபின் வகை மருந்துக்கு முறிவு) என்று கலந்து போடுவதுதான் வழக்கமாகவே இருந்தது. மீட்டர் கைக்கு வந்த பிறகு ஏன் விட்டார்கள்? தலையில் அடிபட்டவருக்கும், உண்மையிலேயே ஸ்ட்ரோக் வந்தவருக்கும் சுகரை ஏற்றிவிட்டால் மூளைக்குக் கேடு கூடும். செறிவான டெக்ஸ்ட்ரோஸ் நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் வெந்துவிடும். மீட்டரே இல்லாத இடத்தில், லோ என்று சந்தேகம் இருந்தால் போட்டுவிடுங்கள், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. மீட்டர் கையில் இருக்கும்போது ஐந்து வினாடி எண்ணைப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்பதுதான்.

சிஸ்டரின் கேஸில் மீட்டர் தப்பு செய்தது பாதிதான். மாத்திரை சாப்பிடுகிறவர், பட்டினி, தொப்பலாக வியர்வை, குழம்பிய நினைவு. இவ்வளவும் ஒரு பக்கம் நிற்கும்போது எண் மட்டும் எதிர்ப்பக்கம் போனால், எண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வேறு விரல், வேறு இடம், இரண்டாவது ஸ்ட்ரிப். ஒரு நிமிட வேலை. ஸ்ட்ரோக் என்று அனுப்பியிருந்தாலும் அங்கே முதலில் சுகர்தான் பார்த்திருப்பார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முன்னால் எல்லாருக்கும் கட்டாயம் என்று கேட்கப்படும் ஒரே ரத்தப் பரிசோதனை அது. லோ சுகர் ஒரு பக்கக் கை காலை அப்படியே விழச் செய்யும், ஸ்ட்ரோக் மாதிரியே வேஷம் போடும்.

கை கழுவினாலும் மீட்டர் ஏமாற்றும் இடங்கள் உண்டு. பிபி விழுந்து ஷாக்கில் இருக்கிறவருக்கு விரல் நுனிக்கு ரத்தமே சரியாகப் போகாது. பிபி 70, கை கால் சில்லிட்டிருக்கிறது என்றால் விரல் ரத்தத்தை நம்பாதீர்கள், நரம்பிலோ தமனியிலோ எடுங்கள். ரத்தசோகை அதிகம் இருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும். ஹீமோகுளோபின் 6 இருக்கிற கர்ப்பிணிக்கு 75 என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு நேர் எதிர், சிவப்பணு அதிகம் என்பதால் குறைத்துக் காட்டும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் வகை ஸ்ட்ரிப் என்றால் ஆக்ஸிஜனும் கணக்கில் வரும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிக அதிகமானால் எண் குறையும், மூச்சுத் திணறலோடு ஆக்ஸிஜன் குறைந்து வந்தால் எண் கூடும். வயிற்றுக்குள் திரவம் விட்டு டயாலிசிஸ் செய்கிறவர்கள் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் போகும். அது உடம்பில் மால்டோஸாக உடையும். குறிப்பிட்ட ஒரு வகை என்சைம் ஸ்ட்ரிப் அதையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். ஹை என்று நம்பி இன்சுலின் போட்டு உயிர் போனதால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009ல் எச்சரிக்கை விட்டது.

அப்புறம் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று: டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்ஸ் ஓடும் அதே கையில் ரத்தம் எடுப்பது.

தொப்பூர்_கணவாய் | ஜூன் 15, இரவு 8:47

டாக்டர் சொன்ன வேஷத்தை நான் ரோட்டில் தினமும் பார்க்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி, கணவாய் இறக்கத்தில் ஓரமாக லாரி நிற்கிறது, டிரைவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சுற்றி நின்ற நான்கு பேரும் "ஃபுல் மப்பு, விடுங்க" என்கிறார்கள். ஒருவர் ஏற்கெனவே தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தார். கிட்டே போனால் சரக்கு வாசனை வரத்தான் செய்தது. பேச்சு குழறல், கையை ஓங்குகிறார். கூட்டத்தை விலக்கி விரலைக் குத்தினேன். 29.

சட்டைப் பையில் சுகர் மாத்திரை அட்டை இருந்தது. காலையில் மாத்திரை போட்டிருக்கிறார், சோறு இல்லை, சாயங்காலம் கொஞ்சம் குடித்திருக்கிறார். சாராயம் உள்ளே போனால் ஈரல் புதுசாகச் சுகர் செய்வதை நிறுத்திவிடும், அதனால் இன்னும் இறங்கும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் எங்களிடம் கேட்டார்: "லோடு பத்திரமா இருக்குங்களா?"

வாசனை வந்தால் மீட்டரை எடுக்காமல் விடாதீர்கள். வாசனை வரும்போதுதான் கட்டாயம் எடுக்க வேண்டும்.

பாலுவின் கேள்விக்கு: குழாயடிக்குப் போக வேண்டாம். வண்டியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் காய்ந்த துணியும் வைத்திருக்கிறேன். விரலில் ஊற்று, துடை, குத்து. பதினைந்து வினாடி. கை சேறாகவோ கிரீஸாகவோ இருந்தால் காது மடலில் எடுப்பதும் உண்டு.

பாலக்கோடு_பாலு | ஜூன் 15, இரவு 9:20

சரி, டி25 விஷயத்தில் பாதி இறங்கி வருகிறேன். ஆனால் இதைச் சொல்லுங்கள். எப்படியும் வென்ஃப்ளான் போடத்தான் போகிறோம். ஊசியின் பின்பக்கக் குப்பியில் ரத்தம் நிற்கிறதே, அதில் ஒரு சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்தால் என்ன? மாம்பழமும் இல்லை, கிரீஸும் இல்லை, இன்னொரு குத்தும் இல்லை. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அரூர்_டாக்டர் | ஜூன் 15, இரவு 10:05

நல்ல கேள்வி. இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விரலில் வருவது தந்துகி (மிக மெல்லிய ரத்தக்குழாய்) ரத்தம், நரம்பில் வருவது திசுக்கள் சுகரை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பும் ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சுகர் இருபது புள்ளி, சில சமயம் அதற்கு மேலும் கூடுதலாக இருக்கும். பல ஸ்ட்ரிப் தந்துகி ரத்தத்துக்கு என்று அளவுத்திருத்தம் செய்யப்பட்டவை. நரம்பு ரத்தத்துக்கும் ஒத்துவரும் என்று பெட்டியில் போட்டிருந்தால் செய்யலாம், போடாவிட்டால் எண்ணைத் தோராயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கழற்றிய ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சொட்டு வைக்கும்போது உங்கள் கையில் குத்திக்கொள்வீர்கள். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

லேப்_தாத்தா | ஜூன் 16, காலை 7:15

நான் பாலு கட்சி. 212க்கும் 41க்கும் நடுவில் தவிக்கும்போது இருபது புள்ளி வித்தியாசம் யாருக்கு வேண்டும்? ஊசியில் எடுக்க வேண்டாம், சிரிஞ்சில் இழுத்த ரத்தத்திலிருந்து ஒரு சொட்டு வையுங்கள், குத்து விழாது.

ஏபிஜி (தமனி ரத்தத்தின் வாயு அளவு பார்க்கும்) மெஷின் இருக்கும் ஆஸ்பத்திரியில் இந்தச் சண்டையே தேவை இல்லை. ஓரிரு நிமிடத்தில் சுகர், பொட்டாசியம், லாக்டேட், அமிலத்தன்மை எல்லாம் ஒரே சீட்டில் வந்துவிடும். அந்த மெஷின் இல்லாத ஊர்களுக்குத்தான் இவ்வளவு பேச்சும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவசரத்துக்கு பெனடிக்ட்தான். 5 மில்லி நீலக் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம். டாக்டர் கதவோரம் நின்றுகொண்டு "என்ன கலர்?" என்று கத்துவார். நீலமாகவே நின்றால் சுகர் இல்லை என்று அர்த்தம். ஆனால் 150ஆ 30ஆ என்று அந்த நீலம் சொல்லாது. ரத்தத்தில் 180ஐ ஒட்டித் தாண்டினால்தான் சிறுநீரிலேயே இறங்கும். அதுவும் மணிக்கணக்காகப் பையில் தேங்கிய சிறுநீர். லோ சுகரில் எத்தனை பேரை அந்த நீல நிறத்தைப் பார்த்து ஏமாந்திருப்போமோ. பிறகு சொட்டு ரத்தம் வைத்து, ஒரு நிமிடம் எண்ணி, தண்ணீரில் கழுவி, டப்பாவின் நிறத்தோடு ஒப்பிடும் பட்டை வந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஆளுக்கு ஒரு நிறம் சொல்வோம்.

வீடு_தேடி | ஜூன் 16, மதியம் 1:10

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறேன். 2021 ஆகஸ்ட் 5ல் இந்தத் திட்டம் ஆரம்பித்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

நான் சொல்ல வந்தது விரலைப் பற்றி. தக்காளி பறிக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள் விரல் நுனி காய்த்துப் போய் இருக்கும். நடுவில் குத்தினால் ரத்தம் வராது. வரவில்லை என்று பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் ரத்தத்தோடு சதை நீரும் கலந்துவிடும். நகத்துக்குப் பக்கவாட்டில் குத்துங்கள், கையைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். தானாகச் சொட்டும்.

ஒரு பாட்டி வீட்டில் பேரன் ஓடிவந்து, "அக்கா, மீட்டர் ஹாய் சொல்லுது!" என்றான். பார்த்தால் ஹை. அந்த மீட்டரில் 600க்கு மேல் என்று அர்த்தம். சிரிக்கவா அழவா. அன்றைக்கே அட்மிட் செய்தோம்.

காரிமங்கலம்_மகன் | ஜூன் 16, மாலை 6:40

நான் மருத்துவத் துறை இல்லை. நீங்கள் பேசுவதைப் பார்த்து எங்கள் வீட்டுக் கூத்தைச் சொல்கிறேன். அண்ணன் மலேசியாவில் இருந்து அப்பாவுக்கு மீட்டர் வாங்கி வந்தார். அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு ராத்திரி அப்பாவுக்குத் தலைசுற்றல். பார்த்தால் 7.8. "ஐயோ, சுகர் ஏழுக்கு வந்துவிட்டது" என்று அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். 9 ஆனது. இன்னும் கொடுத்தார். 14 ஆனது. விடியும்போது 17. அங்கே அளவு வேறு, 18ஆல் பெருக்க வேண்டும் என்று காலையில் மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். 140 இருந்த மனுஷனை 300க்கு ஏற்றிவிட்டோம்.

இப்போது என் கேள்வி. அப்பா கிளிமிப்ரைடு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் உண்மையாகவே லோ ஆகி 48. ஒரு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், 160 வந்தது, அரை மணியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரத்தில் மறுபடி 52. ஏன்?

அரூர்_டாக்டர் | ஜூன் 16, இரவு 9:12

அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும். அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீளும். கிட்னி பலவீனமாக இருந்தால் இன்னும் நீளும். ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும், மாத்திரை மட்டும் உள்ளே இருக்கும். அதனால்தான் இந்த வகை மாத்திரையில் லோ ஆனவரை ஒரு நாளாவது வைத்திருந்து, மணிக்கு ஒருமுறை சுகர் பார்க்கச் சொல்வோம். அரை மணியில் அனுப்பியது தப்பு. உங்கள் டாக்டரிடம் கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லி, மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

வீட்டில் 70க்குக் கீழே வந்து, நினைவு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிய பிறகு களியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது நிறையப் பேர் சாப்பிடும் டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையில், சுகர் 180 மட்டுமே காட்டும்போதே உள்ளே கீட்டோன் (கொழுப்பு உடையும்போது வருவது) ஏறி ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு என்று வந்தால் சுகர் பரவாயில்லை என்று திருப்பி அனுப்பாமல் கீட்டோன் பாருங்கள்.

பாலக்கோடு_பாலு | ஜூன் 16, இரவு 9:30

கையில் ஒட்டும் சென்சார் இருக்கிறதே டாக்டர், அதைப் பார்த்தே மருந்து போடலாமா?

அரூர்_டாக்டர் | ஜூன் 16, இரவு 9:41

அவசரத்தில் வேண்டாம். அது தோலுக்கு அடியில் உள்ள நீரைத்தான் அளக்கிறது, ரத்தத்துக்கு ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்னால் ஓடும். அந்தக் கைமேல் படுத்துக்கிடந்தாலே பொய்யாக லோ காட்டும். விரலைக் குத்துங்கள்.

சந்தூர்_சிஸ்டர் | ஜூன் 19, இரவு 10:50

எல்லாருக்கும் நன்றி. நேற்று அந்த அம்மா ரிவ்யூவுக்கு வந்திருந்தார். அவர் ஷிஃப்டிலிருந்து நேராக வந்ததால் கை அப்படியே இருந்தது. அனுமதி கேட்டு ஒரு சோதனை செய்தோம். ஒரு விரலை ஸ்பிரிட்டால் மட்டும் துடைத்துக் குத்தினேன், 334. அடுத்த விரலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் குத்தினேன், 151. டியூட்டி டாக்டர் இரண்டு ஸ்ட்ரிப்பையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மீட்டர் ட்ரேயில் இப்போது தண்ணீர் பாட்டில், துணி, சின்ன சோப்பு வைத்திருக்கிறோம். சுகர் சார்ட்டில் நேரம், அளவு என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. மூன்றாவதாக "கை கழுவியது" என்று ஸ்கேலில் கோடு போட்டு ஒட்டியிருக்கிறேன்.

பாலக்கோடு_பாலு | ஜூன் 19, இரவு 11:02

அப்படியே நான்காவதாக "சிரிஞ்ச் ரத்தம்" என்று ஒரு கட்டம் போடுங்கள் சிஸ்டர். நான் விடமாட்டேன்.

சந்தூர்_சிஸ்டர் | ஜூன் 19, இரவு 11:09

பேப்பரில் இடம் இல்லை பாலு அண்ணா. பின்பக்கம் போட்டிருக்கிறேன்.